பனிநாட்டுக்கு இருவராகப் புறப்படுவோருக்கு ஒரு திறந்த மடல்

குளிர்காலப் பனிமலையில் இருவர் என்பது போதாத எண். ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. விழுந்தவரின் உடல் சில்லிட்டுப் போகாமல் பக்கத்திலேயே இருந்து காக்க வேண்டும். உதவி தேடிக் கிளம்பவும் வேண்டும். எதை விட்டாலும் உயிர் போகலாம். மூன்றாவது ஆள் இருந்தால் இந்தச் சிக்கல் பாதியாகும். நான்காவது ஆளும் இருந்தால் ஏறக்குறைய தீர்ந்துவிடும். துணைக்கு வேறு எவரும் இல்லாமல், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ முதுகுப்பையோடு லடாக்கின் ஜான்ஸ்கர் பள்ளத்தாக்குக்குப் போய்வர நினைக்கும் தம்பதியரான நீங்கள் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

உங்களை அங்கே இழுக்கும் படங்களில் பெரும்பாலும் இருவர்தான் நிற்கிறார்கள். நீலம் பாய்ந்த பனித்தரை, இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர், நடுவே கைகோத்த இரண்டு உருவங்கள். அந்தப் படத்தை எடுக்க எதிரே ஒருவர் நின்றிருக்கிறார். அவருக்குப் பின்னால் கூடாரத்தையும் மண்ணெண்ணெயையும் அரிசியையும் மரச் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்து வந்த இன்னும் சிலர் இருந்திருப்பார்கள். படத்துக்குள் வராத அவர்களுடைய உழைப்பில்தான் படத்துக்குள் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டு நிற்க முடிந்தது. அதை இருவர் மட்டுமே போய்வந்த பயணமாகக் காட்டுவது உங்களுக்குத் தீங்கு, அவர்களுக்கு அநீதி.

ஜான்ஸ்கர் ஆறு பதும் என்ற ஊருக்கு அருகே இரண்டு ஆறுகள் கூடி உண்டாகிறது. ஒன்று சாரப். மற்றொன்றான டோடா, பென்சி லா கணவாயை ஒட்டிக் கிடக்கும், சுமார் 23 கிலோமீட்டர் நீளமுள்ள திராங்-துருங் பனியாற்றிலிருந்து வருகிறது. கூடிய ஆறு ஆழமான மலையிடுக்கு வழியே வடக்கே ஓடி, லே நகருக்கு மேற்கே நிம்முவில் சிந்துவோடு கலக்கிறது. ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரமுள்ள பென்சி லா, குளிர்காலத்தில் பனியால் மூடிக்கொள்ளும். அந்த மாதங்களில் பள்ளத்தாக்கு மக்களுக்கு வெளியே வர இருந்த வழி, உறைந்த ஆறுதான். அந்த உறைபனித் தரைக்குத்தான் சாதர், அதாவது விரிப்பு, என்று பெயர். வெண்ணெயைச் சுமந்துபோய் லேயில் விற்றதும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் தகப்பன்மார் கூட்டிப்போனதும் இந்த விரிப்பின் மேல்தான். பிறந்ததிலிருந்து ஆற்றைப் பார்த்து வளர்ந்த அவர்களே பெரும்பாலும் கூட்டு சேர்ந்துதான் நடந்தார்கள்.

2024 மார்ச் மாதம் நிம்மு–பதும்–தார்ச்சா சாலை, 298 கிலோமீட்டர், இணைக்கப்பட்டுவிட்டது. ஷிங்கு லா கணவாயின் அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கான வேலையும் அதே ஆண்டு ஜூலையில் தொடங்கியது. பள்ளத்தாக்கு மக்களுக்கு இது பெரிய விடுதலை. நோயாளியைத் தோளில் சுமந்து உறைந்த ஆற்றில் இறங்க வேண்டிய நிலை இனியாவது ஒழியட்டும். உங்களுக்கு இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஊர்க்காரர்கள் நடக்கும் தேவை குறையக் குறைய, எதிரே வருபவரிடம் நேற்று ஆறு எப்படி இருந்தது என்று கேட்டறியும் வாய்ப்பும் குறையும். தெரிந்தவர்கள் தினமும் போய்வந்த வழியாக இருந்தவரை சாதருக்கு ஒரு காவல் இருந்தது.

அந்தக் காவல் ஏன் தேவைப்பட்டது என்பது பனித்தரையின் இயல்பில் இருக்கிறது. நின்ற நீரில், கண்ணாடி போலத் தெளிந்த உறைபனி 10 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் ஓர் ஆளைத் தாங்கும் என்பது குளிர்நாடுகளில் பொதுவாகச் சொல்லும் அளவு. வெளுத்துக் கலங்கிய உறைபனியின் வலு அதில் பாதிதான். ஓடும் ஆற்றுக்கு இந்தக் கணக்குகூடப் பொருந்தாது. நீரோட்டம் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருப்பதால் இந்தப் பக்கம் முழங்கை அளவு தடித்த பனி, நாலடி தள்ளி விரல் அளவுகூட இல்லாமல் போகலாம். மேகமில்லாத இரவில் தரையின் வெப்பம் வானுக்குப் போய்விடுவதால் பனி இறுகும். மேகம் மூடிய இரவு நமக்கு இதமாகத் தோன்றும், ஆற்றுக்கு அது இளகும் நேரம். மேலே எங்கோ பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டால் நீர் எழும்பி விரிப்பின் மேலேயே ஓடத் தொடங்கும். அப்போது பாறையில் ஏறிச் சுற்றிப் போக வேண்டும், அல்லது குகையில் காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் என்று ஆறுதான் சொல்லும். ஜான்ஸ்கர் ஆட்கள் கையிலுள்ள கட்டையால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள். பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடி நகர்கிறார்கள். இந்தக் காது, பயணக் குறிப்புகளைப் படித்து வருவதில்லை.

பனி உடைந்து ஒருவர் உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் எளிமையான ஒரு கணக்காகச் சொல்லிவருகிறார்: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அதை அடக்கத் தெரியாதவர் தண்ணீரைக் குடித்துவிடுவார். அடுத்த பத்து நிமிடம் வரைதான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆக, விழுந்தவரைக் கரையேற்ற உள்ள நேரம் அந்தப் பத்து நிமிடம். வெளியே நிற்பவர் ஒருவரே என்றால் அவர் உடைந்த விளிம்புக்கு அருகே போகவும் கூடாது, போகாமல் இருக்கவும் முடியாது. தம் துணை தண்ணீரில் கிடக்கும்போது, படுத்தபடி நகர்ந்து கயிற்றை வீச வேண்டும் என்ற நிதானம் யாருக்கு இருக்கும்? அன்பு மிகுந்தவர்தான் முதலில் ஓடுவார். ஓடினால் இருவரும் உள்ளே போவார்கள். கரையேற்றிய பிறகும் வேலை முடியாது. நனைந்த துணியைக் களைந்து, உலர்ந்த துணி போர்த்தி, தீ மூட்டி, அதே சமயம் கூடாரம் அடிக்க வேண்டும். இரவில் சுழியத்துக்குக் கீழே 25 டிகிரிக்கும் இறங்கக்கூடிய மலையிடுக்கில், இரண்டு கைகளால் இது முடிகிற காரியமாகத் தெரியவில்லை.

ஆபத்து ஆற்றில் இறங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் நீங்கள் 3,500 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடப்படுகிறீர்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடல் இதற்குப் பழகச் சில நாள் வேண்டும். சாதருக்குப் போகிறவர்கள் லேயில் தங்கி, மருத்துவப் பரிசோதனை முடித்த பிறகே நடக்கலாம் என்று விதி வைத்திருப்பதன் பொருள் இதுதான். அதை விடுமுறை நாளைத் தின்னும் தடையாக நினைத்து, தலைவலியை மறைத்து, மாத்திரை போட்டுக்கொண்டு பரிசோதனைக்குப் போகிறவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் என்பதால் உயரநோய் விட்டுவைக்காது. உடல் வலுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உயரநோய் முற்றினால் இரண்டு வழியில் கொல்லும். நுரையீரலில் நீர் கோப்பது ஒன்று: பெரும்பாலும் மேலே போன இரண்டாம் இரவிலிருந்து நான்காம் நாளுக்குள், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் நிற்காது, உதடு நீலம் பாரிக்கும். குளிரும் கடும் உழைப்பும் இதை விரைவுபடுத்தும். மூளை வீங்குவது மற்றொன்று: நடை தள்ளாடும், பேச்சு குழறும், பிறகு எழுப்ப எழுப்ப எழமாட்டார். இதில் தம்பதியருக்கு என்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நோய்ப்பட்டவர் 'ஒன்றுமில்லை, தூங்கினால் சரியாகிவிடும்' என்பார், துணையின் ஆசை கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே சொல்வார். அவருடைய சோர்வையும் எரிச்சலையும் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியவர் என்பதால் மற்றவர் அதை நம்பிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வதை நெருக்கம் மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு கோட்டின் மேல், முன்காலின் குதியைப் பின்காலின் விரல்நுனியில் தொட்டுத் தொட்டு நடக்கச் சொல்லிப் பார்க்கலாம். நடக்க முடியாதவரை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். இறக்குவது என்றால் சுமப்பது. இரவில் உறைந்த ஆற்றின் மேல் ஓர் ஆளை இன்னோர் ஆள் தனியாக எவ்வளவு தூரம் சுமக்க முடியும் என்பதைப் புறப்படும் முன் உங்கள் வீட்டு மாடிப்படியில் ஒருமுறை செய்து பாருங்கள்.

கூடாரத்துக்குள்ளும் இதே கணக்குதான். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது முதலில் கெடுவது அறிவு. விரல் மரத்து ஜிப் போட முடியாமல் தடுமாறுவார், முணுமுணுப்பார், இடறுவார். இன்னும் முற்றினால் வெக்கை அடிப்பதாக எண்ணிச் சட்டையைக் கழற்றுகிறவர்களும் உண்டு. விரலில் பனிக்கடி பட்டால் தேய்க்கக் கூடாது. 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்க வேண்டும், அதுவும் மறுபடி உறையாது என்ற உறுதி இருந்தால்தான். இளகிய விரல் இரண்டாம் முறை உறைந்தால் முன்னிலும் மோசமாகக் கெடும். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டு உள்ளே அடுப்பு எரிப்பவர்களை, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். ஒரே கூடாரத்தில் ஒரே அடுப்போடு படுக்கும் இருவர் ஒரே நேரத்தில் மயங்குவார்கள். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் இருந்தால் விடியலில் தேநீரோடு வந்து எழுப்பவாவது செய்வார்.

ஆற்றோடு நின்றுவிடாமல் திராங்-துருங் போன்ற பனியாற்றின் மேல் கால் வைக்க ஆசைப்படுவோரும் உங்களில் இருக்கிறீர்கள். பனியாறு நகர்வது, நகரும்போது பிளக்கிறது. குளிர்காலப் புதுப்பனி அந்தப் பிளவுகளின் வாயை மூடிவிடுவதால் மேலே பார்த்தால் வெள்ளைச் சமவெளி. கடுங்குளிரில் விழுந்த உலர்ந்த பனி நன்றாக ஒட்டிக்கொள்ளாது என்பதால் முன்குளிர்காலத்தில் இந்த மூடிகள் பொதுவாக வலுவற்றவை. இதற்காகத்தான் கயிற்றால் ஒருவரோடொருவர் பிணைத்துக்கொண்டு நடப்பது. ஆனால் கயிறு இருவரைப் பிணைக்கும்போது அதன் வேலையே மாறிவிடுகிறது. நான்கு பேரில் ஒருவர் விழுந்தால் மூவரின் எடை அவரைத் தாங்கும். இருவரில், 75 கிலோ கணவர் 20 கிலோ பையோடு உள்ளே போனால் 55 கிலோ மனைவி அவரைத் தாங்க வேண்டும். தாங்கிக்கொண்டே, பனிக்கோடரியின் மேல் குப்புறக் கிடந்தபடியே, ஒரு கையால் பனியைத் தோண்டிக் கயிற்றைக் கட்ட ஒரு பிடிமானம் அமைக்க வேண்டும். அதன் பிறகுதான் எழுந்து, கப்பி வைத்து இழுக்கத் தொடங்க முடியும். இருவராகவே போகத் தெரிந்த வல்லுநர்கள் இதற்கெனத் தங்களுக்கிடையே 15 மீட்டருக்கும் மேல் கயிறு விட்டு, நடுவில் பெரிய முடிச்சுகள் போடுகிறார்கள். விழுந்தால் முடிச்சு பிளவின் பனி விளிம்பில் சிக்கிச் சுமையைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில்தான். இந்தப் பயிற்சியைச் சமவெளிப் பனியில் பலமுறை செய்து பழகாதவர்கள் இருவராகப் பனியாற்றில் ஏறுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இருவராகப் போய்வந்தவர்கள் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களை முழுதாகப் பாருங்கள். 1924 ஆகஸ்ட் மாதம் அலாஸ்காவில் மணம் முடித்த மார்கரெட், ஓலாஸ் மியூரி தம்பதியர், தேனிலவாகவே கொயுகுக் ஆற்றுப் பகுதியின் குளிர்காலத்தில் நாய்வண்டியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்றார்கள். ஓலாஸ் அப்போது அரசுப் பணியில் கரிபூ மான்களை ஆராய்ந்துகொண்டிருந்த, அந்த நிலத்தில் ஏற்கெனவே குளிர்காலங்களைக் கழித்த உயிரியலாளர். சுமை இழுக்க நாய்கள் இருந்தன. எரின் மெக்கிட்ரிக், பிரெட்வுட் ஹிக்மன் என்ற தம்பதியர் 2007 ஜூனில் அமெரிக்காவின் சியாட்டலில் கிளம்பி, ஒரு முழுக் குளிர்காலத்தையும் வழியிலேயே கழித்து, ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் கடந்து, அடுத்த ஆண்டு அலூஷியன் தீவுகளின் முதல் தீவான யூனிமாக்கை அடைந்தார்கள். இயந்திர வண்டி எதுவும் இல்லை: நடை, பனிச்சறுக்கு, முதுகில் சுமக்கும் காற்றடைத்த சிறு படகு. அதற்கு முன்பே பல ஆண்டுகள் அலாஸ்காவில் நடந்து பழகியிருந்தார்கள். ஒரு விடுமுறையில் முடிப்பதற்காக அவர்கள் புறப்படவில்லை. வானிலை கெட்டால் உட்கார்ந்துகொள்ள அவர்களிடம் நாள் இருந்தது. உங்களிடம் திரும்பும் விமானத்துக்கான டிக்கெட் இருக்கிறது.

இவர்களைவிட நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவர்கள் இத்தாலியின் நீவெஸ் மெரோய், ரொமானோ பெனெட் தம்பதியர். 8,000 மீட்டருக்கு மேலுள்ள பதினான்கு சிகரங்களையும் இணைந்தே ஏறி முடித்த முதல் தம்பதியர் அவர்கள்தாம். 2009இல் கஞ்சன்ஜங்காவில், உச்சி வெகு தொலைவில் இல்லாத உயரத்தில், ரொமானோவின் உடல் தளர்ந்தது. பதினான்கையும் தொடும் முதல் பெண் யார் என்று உலகம் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது, நீவெஸ் அந்த வரிசையில் முன்னால் இருந்தார். அவர் மேலே போகவில்லை. கணவரோடு இறங்கினார். ரொமானோவுக்கு வந்திருந்தது எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும் கடும் நோய் என்று பிறகு தெரிந்தது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்தது. 2014இல் இருவரும் அதே கஞ்சன்ஜங்காவின் உச்சியில் நின்றார்கள், 2017இல் அன்னபூர்ணாவோடு பதினான்கும் முடிந்தன. 2009இல் அன்று நீவெஸ் 'கொஞ்சம் சமாளித்துக்கொள், நெருங்கிவிட்டோம்' என்று சொல்லியிருந்தால் இந்த வரலாறு இல்லை.

உதவி கேட்பதும் அங்கே எளிதில்லை. மலையிடுக்கில் செல்போன் கோபுரம் இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. வெளிநாட்டுப் பயணிகள் கையில் வைத்திருக்கும் சாட்டிலைட் போனையோ செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியையோ இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஹெலிகாப்டர் வானிலை திறந்தால்தான் வரும். எனவே உதவி என்பது உங்களோடு நடந்துவருகிற மனிதர்களே. அவர்களில் ஒருவர் ஓடிப்போய்ச் சொன்னால்தான் மற்றதெல்லாம் நகரும்.

அந்த மனிதர்களைப் பற்றி உங்களிடம் ஒரு மனக்குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் காலணி வாங்குகிறவர், சுமை தூக்கும் ஆளின் தினக்கூலியில் நூறு ரூபாய் பேரம் பேசுகிறார். கிழிந்த கம்பூட்டோடும் மெல்லிய ஜெர்க்கினோடும் ஒருவர் உங்கள் ஸ்லீப்பிங் பேக்கை இழுத்து வருவதைப் பார்த்துக்கொண்டே நடக்க முடிகிறது. உங்களுக்கு மட்டும் காப்பீடு எடுத்துக்கொள்கிறீர்கள். இது வேண்டாம். ஆற்றின் மேல் விட்டுவரும் மலமும் குப்பையும் கோடையில் உருகிக் கீழேயுள்ள ஊர்களின் நீரில் சேர்கின்றன என்பதையும் சேர்த்து நினையுங்கள். கொண்டுபோனதைக் கொண்டுவர ஒரு பை அதிகம் எடுத்துக்கொண்டால் போதும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. இருவராகப் போகாதீர்கள், நால்வராகப் போங்கள். மற்ற இருவர் ஜான்ஸ்கர்காரர்களாக இருக்கட்டும். உரிய கூலி, உங்களுடையதற்கு இணையான காலணி, காப்பீடு மூன்றையும் கொடுத்து அழைத்துப்போங்கள். லேயில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். திரும்பும் டிக்கெட்டை, நடை முடியும் நாளிலிருந்து நான்கைந்து நாள் தள்ளிப் போடுங்கள். நால்வரில் எவர் 'திரும்பலாம்' என்றாலும், காரணம் கேட்காமல், முகம் சுளிக்காமல் அன்றைக்கே திரும்புவது என்று புறப்படும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். கணவன் மனைவியிடமோ மனைவி கணவனிடமோ சொல்லத் தயங்குவதை ஜான்ஸ்கர்காரர் சொல்லிவிடுவார். அவர் சொல்லுக்கு இருவரும் கட்டுப்படுங்கள். அந்த முடிவை ஒரு தாளில் எழுதி, போகும் வழியையும் எந்த நாளுக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்பதையும் குறித்து, லேயில் நீங்கள் தங்கும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தத் தாளில் நால்வர் பெயரும் ஊரோடு இருக்கட்டும்.